எம்105ஏ2 ராணுவ ட்ரெய்லர்: காற்று இல்லாத பிக்கப்பில் வீட்டுக்கு இழுத்து வரலாமா?

புதுட்ரெய்லர் கேட்டது:

ஏலத்தில் ஒரு எம்105ஏ2 கிடைத்திருக்கிறது. சான் அன்டோனியோ பக்கம் ஒரு யார்டில் நிற்கிறது. வர வேண்டியது சுகர் லேண்டுக்கு, 200 மைலுக்குக் கொஞ்சம் குறைவு. என் வண்டி ஃபோர்டு எஃப்-250. மின்சார ட்ரெய்லர் பிரேக்குக்கான கன்ட்ரோலர் இருக்கிறது, ஏர் கம்ப்ரஸர் இல்லை. ட்ரெய்லரில் இருப்பது காற்றால் தள்ளி ஹைட்ராலிக்கால் பிடிக்கும் பிரேக். படத்தில் பார்த்தால் பல வருஷம் வெயிலில் நின்ற மாதிரி தெரிகிறது.

பெரிய லாரிகளில் காற்று போனால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் என்கிறார்களே, இதிலும் அப்படியா? பூட்டாது என்றால், பிரேக்கே இல்லாமல் இழுப்பது டெக்சஸில் சட்டப்படி சரியா? விளக்கு 24 வோல்ட், பிளக் 12 முள்; என் வண்டியில் 7 முள். யார்டில் அதிக நேரம் தர மாட்டார்கள், வெல்டிங் மாதிரி வேலை எதுவும் அங்கே நடக்காது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

டிரம்லைனிங் எழுதியது:

முதல் கேள்விக்கு: டேங்க் காலியாக இருந்தால் பூட்டாது. டேங்கில் காற்று மிச்சம் இருந்தால் பூட்டும். குழப்பம் இங்கேதான் வருகிறது.

நெடுஞ்சாலை லாரி ட்ரெய்லர்களில் ஸ்பிரிங் பிரேக் இருக்கும். காற்று ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கும், காற்று போனால் ஸ்பிரிங் பிரேக்கைப் பிடிக்கும். எம்105ல் அந்த ஸ்பிரிங் கிடையாது. இதில் இரண்டு ஹோஸ், ஒன்று எமர்ஜென்சி, ஒன்று சர்வீஸ். எமர்ஜென்சி ஹோஸ் வழியாக ட்ரெய்லரின் டேங்க் நிரம்பும். அந்த ஹோஸில் அழுத்தம் திடீரென்று விழுந்தால் ரிலே வால்வு டேங்கில் இருக்கும் காற்றை எடுத்து பிரேக்கைப் போடும். டேங்கில் ஒன்றும் இல்லையென்றால் போட எதுவும் இல்லை, சக்கரம் சுதந்திரமாக உருளும்.

யார்டில் நடப்பது என்னவென்றால், ஏர் உள்ள லாரியால் ட்ரெய்லரை இழுத்து வந்து நிறுத்துவார்கள், ஹோஸைக் கழற்றுவார்கள், டேங்க் நிரம்பியே இருக்கும். நீங்கள் பிக்கப்பை மாட்டி இழுத்தால் டயர் தேய்ந்துகொண்டே வரும். பிரேக் ரிப்பேர் என்று நினைத்து ஆட்கள் ஏமாறுவது இதில்தான். டேங்கின் அடியில் ஒரு டிரெயின் காக் இருக்கும், திறந்தால் உஸ்ஸென்று காலியாகும். ஆனால் வரிசை முக்கியம். முதலில் இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை, அல்லது கொக்கியில் மாட்டி முடித்திருக்க வேண்டும். அப்புறம்தான் காக். சரிவில் நிற்கும் ட்ரெய்லரைக் காற்று மட்டுமே பிடித்திருக்கலாம். பயணம் முழுக்க காக் திறந்தே இருக்கட்டும். வீட்டுக்கு வந்தபின் மூடுங்கள், இல்லையென்றால் உள்ளே குளவி கூடு கட்டும். ஹோஸ் முனையில் இருக்கும் இரண்டு கிளாட்ஹேண்டுக்கும் (இணைப்புக் கப்ளிங்) அதே காரணத்துக்காக மூடி போடுங்கள் அல்லது நல்ல டேப் சுற்றுங்கள். ஹோஸைத் தரையில் இழுபடாமல் கட்டிவிடுங்கள்.

காற்று போனபிறகும் சக்கரம் சுற்றவில்லையா? மூன்று காரணம் இருக்கலாம். கை பிரேக்குக்கு ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி லீவர் உண்டு. இரண்டையும் தளர்த்தினீர்களா, கேபிள் உண்மையில் பின்வாங்கியதா என்று பாருங்கள். லீவர் மட்டும் நகர்ந்து கேபிள் உறைக்குள் துருப்பிடித்து நிற்பது சகஜம். இரண்டாவது, காற்று சிலிண்டரின் பிஸ்டன் துருவில் ஒட்டிக்கொண்டோ, ரப்பர் ஹோஸ் உள்ளே ஊறி அடைத்தோ ஹைட்ராலிக் லைனில் அழுத்தம் மாட்டியிருக்கும். அந்தச் சக்கரத்தின் பிளீடரை (ஆயிலை வெளியே விடும் சின்ன ஸ்குரூ) கால் சுற்று திறந்தால் ஆயில் பீறிட்டு வரும், சக்கரம் விடுபடும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஊதா நிறத்தில் வந்தால் அது ராணுவம் போடும் டாட் 5 சிலிக்கான் ஆயில், கடையில் கிடைக்கும் டாட் 3ஐ அதோடு கலக்காதீர்கள். மூன்றாவது, லைனிங் டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டியிருப்பது. சுத்தியலால் டிரம்மின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டி, ட்ரெய்லரை ஒரு அடி முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விடவில்லையென்றால் அதை ரோட்டில் இழுக்கக் கூடாது. ஃபிளாட்பெட்டை (வண்டியை மேலே ஏற்றிப் போகும் தட்டை லாரி) கூப்பிடுங்கள்.

ஒவ்வொரு சக்கரமாக ஆக்சிலுக்கு அடியில் 6 டன் பாட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கி, கையால் சுற்றுங்கள். கரகரவென்றால் பேரிங் போச்சு. 12 மணி, 6 மணி நிலையில் டயரைப் பிடித்து ஆட்டுங்கள், கடகடவென்று ஆடினால் பேரிங் லூஸ். முடிந்தால் ஹப் மூடியைக் கழற்றி கிரீஸைப் பாருங்கள். மெழுகு மாதிரி இறுகியிருந்தாலோ தண்ணீர் பட்டு பால் நிறத்தில் இருந்தாலோ 200 மைல் தாங்காது.

---

மூணாவதுகியர் எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் உருளுமா என்பதற்குப் பதில். நிற்குமா என்பது வேறு கேள்வி, அதைப் பேசுவோம்.

சட்டம் முதலில். டெக்சஸில் ட்ரெய்லரும் சுமையும் சேர்ந்து 4,500 பவுண்டு வரை பிரேக் கட்டாயமில்லை. 4,500க்கு மேல் 15,000 வரை இருந்தால் மணிக்கு 30 மைலுக்கு மேல் போகாதவரை விலக்கு. எம்105ஏ2 காலியாக 2,700 பவுண்டு பக்கம், அதாவது 1,200 கிலோ சொச்சம். ஆக காலியாக இழுத்தால் டெக்சஸ் சட்டத்துக்குள் வருகிறீர்கள். யார்டில் "இதையும் சேர்த்து எடுத்துக்கோ" என்று பெட்டிக்குள் இரும்புச் சாமான் போட்டால் கணக்கு மாறிவிடும், ஒன்றும் ஏற்றாதீர்கள். வேறு மாநிலத்துக்குள் நுழைகிறவர்கள் கவனிக்க வேண்டும்: பல மாநிலங்களில் எல்லை 3,000 பவுண்டுதான், அதற்கும் கீழே உள்ளவையும் உண்டு. வியாபாரத்துக்காக இழுத்தால் மத்திய விதி தனி. அதில் 3,000 பவுண்டுக்குள், அதுவும் இழுக்கும் வண்டியின் எடையில் 40 சதவீதத்துக்குள் இருந்தால்தான் விலக்கு.

சட்டம் விட்டாலும் வண்டி கம்பெனி விடவில்லை. ஃபோர்டின் கையேடு 1,500 பவுண்டுக்கு மேல் தனி பிரேக் உள்ள ட்ரெய்லர்தான் வேண்டும் என்கிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பார்.

இப்போது கணக்கு. பிக்கப்பும் நீங்களும் சேர்ந்து 6,800 பவுண்டு என்று வையுங்கள். ட்ரெய்லர் 2,700. நிறுத்த வேண்டியது 9,500, நிறுத்தும் டயர்கள் 6,800ஐச் சுமப்பவை மட்டும். ஆக அதே வேகத்தில் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் ஏறத்தாழ 1.4 மடங்கு. தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு மாறும் என்பதால், வெறும் பிக்கப் 60 மைல் வேகத்தில் நிற்க எடுக்கும் தூரத்தை 100 என்று கொண்டால், ட்ரெய்லரோடு 60ல் 140 ஆகும், 50ல் 97, 45ல் 79. அதனால்தான் 45க்கும் 50க்கும் இடையில் ஓட்டச் சொல்கிறேன். இது உலர்ந்த, நேரான ரோட்டுக்கான கணக்கு. மழையிலும் வளைவிலும் இதை நம்பாதீர்கள். வளைவில் பிரேக்கை மிதித்தால் பின்னால் இருக்கும் 2,700 பவுண்டு பிக்கப்பின் வாலைப் பக்கவாட்டில் தள்ளும், ஈர ரோட்டில் அப்படியே மடக்கிவிடும். மழை என்றால் அன்றைக்குப் போகாதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவில் ஆக்சிலேட்டரில் லேசாகக் கால் வைத்தபடி போங்கள். டோ ஹால் பட்டனைப் போட்டுவிடுங்கள், இறக்கத்தில் கியர் பிடித்துக்கொள்ளும்.

ஐ-10 நெடுஞ்சாலை வேண்டாம். சான் அன்டோனியோவுக்கும் ஹூஸ்டனுக்கும் நடுவில் அங்கே வேக வரம்பு 75, நீங்கள் 45ல் போனால் பின்னால் வரும் லாரிதான் ஆபத்து. செகினில் இறங்கி 90 ஆல்டர்நேட் என்ற ரோட்டைப் பிடியுங்கள்: கான்சாலஸ், ஷைனர், ஹாலட்ஸ்வில், ஈகிள் லேக், ரோசன்பர்க், அப்படியே சுகர் லேண்ட். உங்கள் வீட்டு வாசல் வரை அதே ரோடு. பின்னால் வண்டி சேர்ந்தால் நல்ல தார் போட்ட ஷோல்டரில் (ரோட்டின் ஓரப் பட்டை) ஒதுங்கி வழி விடலாம், டெக்சஸ் சட்டம் அதை அனுமதிக்கிறது. சனி, ஞாயிறு காலையில் கிளம்புங்கள். ரோசன்பர்க்கிலிருந்து உள்ளே ஊர் நெரிசல். அங்கே முன்னால் இருக்கும் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவில் விடும் இடத்தில் எவனாவது புகுந்துகொண்டே இருப்பான், அதற்குத் தயாராக இருங்கள்.

இவ்வளவு சொன்னாலும், என் ஓட்டு டெக்-ஓவர் ட்ரெய்லருக்குத்தான் (சக்கரங்களுக்கு மேலே தட்டு இருக்கும் வகை). சொந்த மின்சார பிரேக் உள்ள டெக்-ஓவரை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து எம்105ஐ அதன் மேல் ஏற்றிக் கட்டுங்கள். உங்கள் கன்ட்ரோலர் அதற்கு அப்படியே வேலை செய்யும். விளக்குப் பிரச்சினை, டயர் பிரச்சினை, பேரிங் பிரச்சினை எல்லாம் ஒரே அடியில் போகும். கார் ஏற்றும் சாதா ட்ரெய்லர் சரிவராது. எம்105ன் அகலம் 83 அங்குலம், இரண்டு மட்கார்டுக்கு நடுவில் அது உட்காராது. யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஏற்றித் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

---

புதுட்ரெய்லர் எழுதியது:

நன்றி அண்ணே. டெக்-ஓவர் விசாரிக்கிறேன். இன்னொரு யோசனை: பிக்கப் பின்னால் 12 வோல்ட் கம்ப்ரஸரும் ஒரு சின்ன டேங்கும் வைத்து எமர்ஜென்சி ஹோஸை மட்டும் இணைத்தால், ட்ரெய்லர் கழன்றால் தானே பிரேக் பிடிக்குமே? பாதிப் பாதுகாப்பாவது கிடைக்கும் இல்லையா?

---

கைவால்வு எழுதியது:

தத்துவப்படி சரிதான், தம்பி. ஹோஸ் பிய்ந்தால் ரிலே வால்வு டேங்க் காற்றைப் போட்டு சக்கரத்தைப் பூட்டும். ஆனா அந்த வால்வுக்கு ஹோஸ் பிய்ந்ததா, உங்க கம்ப்ரஸர் ஃபியூஸ் போச்சா, ஃபிட்டிங் ஒண்ணு கசியுதான்னு தெரியாது. பிக்கப் பக்கம் அழுத்தம் இறங்கினா அது பிரேக்கைப் போட ஆரம்பிக்கும். 50 மைல் வேகத்துல பின்னால டிரம் லேசா உரசிக்கிட்டே வரும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. இருபது மைல்ல டிரம்ல புகை வரும், பேரிங் கிரீஸ் உருகி ஓடும். அரைகுறையா காத்து கொடுக்கிறதை விட சுத்தமா இல்லாம இருக்கிறதே மேல்.

செய்யறதுன்னா முழுசா செய்யுங்க. என்னென்ன வேணும்னா: 12 வோல்ட் கம்ப்ரஸர், 5 கேலன் டேங்க், 90 பிஎஸ்ஐல (காத்து அழுத்த அளவு) ஓடி 120ல நிக்கற பிரஷர் ஸ்விட்ச், 150ல திறக்கிற சேஃப்டி வால்வு, கம்ப்ரஸருக்கும் டேங்குக்கும் நடுவுல ஒரு செக் வால்வு, 60 பிஎஸ்ஐக்குக் கீழே போனா கத்துற பஸ்ஸர் ஸ்விட்ச், டிரைவர் கைக்கு எட்டற இடத்துல லாரிகள்ல ட்ரெய்லர் பிரேக்குக்கு வைக்கிற ஹேண்ட் வால்வு, ரெண்டு ஹோஸ், ரெண்டு கிளாட்ஹேண்ட். டேங்கிலிருந்து நேரா சிவப்பு, அது எமர்ஜென்சி. ஹேண்ட் வால்வு வழியா நீலம், அது சர்வீஸ். மாத்தி மாட்டினா டேங்க் நிரம்பாது, ட்ரெய்லர் உருளும், ஆனா பிரேக் பிடிக்காது. ஓட்டறப்ப தெரியாது, அதனால கிளம்பறதுக்கு முன்னாடி பிரேக்கைச் சோதிச்சுப் பாருங்க.

சோதனை: டேங்கை 100க்கு ஏத்தி கம்ப்ரஸரை அணைங்க. ஹேண்ட் வால்வை விட்ட நிலையில ஒரு நிமிஷத்துல 3 பிஎஸ்ஐக்கு மேல இறங்கக் கூடாது. பிடிச்ச நிலையில 4. சோப்புத் தண்ணி தெளிச்சா கசிவு எங்கேன்னு குமிழ் காட்டும். அப்புறம் காலி இடத்துல 5 மைல் வேகத்துல 20 பிஎஸ்ஐ கொடுத்துப் பாருங்க, ரெண்டு சக்கரமும் ஒரே மாதிரி பிடிக்கணும், விட்டதும் விடணும். விடணும்கிறதுதான் பெரிய விஷயம். பல வருஷம் சும்மா நின்ன வீல் சிலிண்டர் ஒரு தடவை வெளியே வந்தா திரும்ப உள்ளே போகாது. பிஸ்டன் உக்காந்திருந்த இடத்துக்குப் பக்கத்துல துரு, ரப்பர் கப் அங்கே போய் மாட்டிக்கும். இல்லைன்னா கப் கிழிஞ்சு ஆயில் முழுக்க லைனிங் மேல வழியும்.

அதனாலதான் சொல்றேன், இந்த செட்டப்பை யார்டுல முதல் தடவையா முயற்சி பண்ணாதீங்க. பிரேக்கைப் பிரிச்சுப் பார்க்காத ட்ரெய்லர்ல காத்து ஏத்தறது, உருண்டுக்கிட்டு இருந்ததை உருளாம ஆக்கற வேலை. வீட்டுக்கு வந்து டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டர் மாத்தி, ஆயில் மாத்தின பிறகு செய்யுங்க.

நிரந்தரமா பிக்கப்பில்தான் இழுக்கப் போறீங்கன்னா காத்தையே எடுத்துடுங்க. காற்று சிலிண்டர் இருக்கற இடத்துல எலக்ட்ரிக் ஓவர் ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர் (மின்சாரத்துல ஹைட்ராலிக் அழுத்தம் கொடுக்கறது) ஒண்ணு வைக்கலாம். டிரம் பிரேக்குக்கு 1,000 பிஎஸ்ஐ மாடல் வாங்குங்க, 1,600 உள்ளது டிஸ்க்குக்கு. உங்க ஃபோர்டு கன்ட்ரோலர் மெனுவுல அந்த வகையைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கான்னு வாங்கறதுக்கு முன்னாடியே பாருங்க. அந்த யூனிட்டுகள் பெரும்பாலும் டாட் 3 அல்லது 4 தான் கேட்கும், அதனால பழைய சிலிக்கான் ஆயிலை லைன்லேர்ந்து முழுசா கழுவி, ரப்பர் எல்லாம் புதுசா போடணும். பிரேக்அவே ஸ்விட்ச்சும் (ட்ரெய்லர் கழன்றா பிரேக்கைப் போடறது) அதுக்கு ஒரு 12 வோல்ட் பேட்டரியும் மறக்காதீங்க. இன்னொரு வழி ஆக்சிலையே மாத்தறது: 7,000 பவுண்டு ஆக்சில், 12 அங்குல மின்சார டிரம் பிரேக்கோட வரும். ரிம், டயர் எல்லாம் எட்டு ஸ்டட் சிவிலியன் வகைக்கு மாறிடும், உயரமும் குறையும், ராணுவ அழகு போயிடும். ஆனா ஸ்டெப்னி எந்தக் கடையிலயும் கிடைக்கும்.

---

மின்கம்பி எழுதியது:

விளக்கு விஷயம். ஒரு நாள் பயணத்துக்கு 24 வோல்ட் ஒயரிங்கைத் தொடாதீர்கள். காந்தம் வைத்த எல்இடி டோ லைட் ஜோடி ஒன்று வாங்கி டெயில்கேட்டில் ஒட்டி, ஒயரை உள்பக்கமாக ஜிப் டை போட்டுக் கொண்டுவந்து, 4 முள் தட்டை பிளக்கை 7 முள் அடாப்டரில் செருகினால் முடிந்தது. காந்தத்தை மட்டும் நம்பாமல் ஒரு கயிறும் கட்டுங்கள். ராணுவ பெயின்ட் தடிமனாக இருக்கும், காந்தம் வழுக்கும். 24 வோல்ட் பல்பை 12ல் எரித்தால் மங்கலாக எரியும், பகலில் பிரேக் விளக்கு தெரியவே தெரியாது. அதனால் வெறும் அடாப்டர் மட்டும் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

பிறகு நிரந்தரமாக மாற்றும்போது 12 முள் பிளக்கில் உங்களுக்குத் தேவை நான்கே முள்: பி இடது திருப்பம்/பிரேக், ஜே வலது, ஈ டெயில் விளக்கு, டி எர்த். மற்றவற்றில் சில பிளாக்அவுட் விளக்குகளுக்கு (எதிரி கண்ணில் படாத மங்கல் விளக்கு), உங்களுக்கு வேண்டாம். ஒயரை வெட்டும் முன் டெஸ்ட் லாம்ப் வைத்து உறுதி செய்யுங்கள், இடையில் யாராவது மாற்றிக் கட்டியிருக்கலாம். எர்த் துருவில் போயிருப்பதுதான் நூற்றுக்குத் தொண்ணூறு பிரச்சினை.

---

டிரம்லைனிங் எழுதியது:

கொக்கி, டயர் இரண்டும் யாரும் தொடவில்லை.

ட்ரெய்லரின் முன் வளையத்தின் உள்விட்டம் 3 அங்குலம். உங்கள் பந்து ஹிட்ச் உதவாது, ரிசீவரில் (பிக்கப்பின் பின்னால் இருக்கும் சதுரக் குழாய்) செருகும் தகட்டில் பிண்டில் கொக்கி (வளையத்தைப் பூட்டிப் பிடிப்பது) போட வேண்டும், 1/2 அங்குல கிரேடு 8 போல்ட் நான்கு. ட்ரெய்லரைச் சமதரையில் நிறுத்தி வளையத்தின் நடு உயரத்தை அளக்கச் சொல்லுங்கள், ரிசீவரை விட நிறைய மேலே இருக்கும். அதற்கேற்ற துளையில் கொக்கியைப் பொருத்துங்கள். வளையம் கொக்கியில் கடகடவென்று அடிக்கும், அது இயல்பு. மூக்கு வானத்தைப் பார்த்து நின்றால் வால் ஆட்டம் வரும். மூக்கு எடை (கொக்கி மேல் இறங்கும் எடை) மொத்தத்தில் 10லிருந்து 15 சதவீதம், அதாவது 270லிருந்து 400 பவுண்டு இருப்பது நல்லது. குறைவாக இருந்தால் பெட்டியின் முன் ஓரத்தில் மணல் மூட்டை இரண்டு போட்டுக் கட்டுங்கள். மூணாவதுகியர் ஒன்றும் ஏற்றாதே என்றது சரி. இந்த மூட்டைகள் மட்டும் விதிவிலக்கு. பாதுகாப்புச் சங்கிலி இரண்டும் வளையத்துக்கு அடியில் குறுக்காக. பழைய சங்கிலியில் சந்தேகம் இருந்தால் 3/8 கிரேடு 70 வாங்குங்கள், 6,600 பவுண்டு தாங்கும். முன்காலை மடக்கி, பின்னை ஒரு கம்பியால் கட்டுங்கள். பின் கழன்று கால் கீழே விழுந்தால் 45 மைலில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

டயர் 9.00-20, டியூப் உள்ளது, ரிம்மில் லாக் ரிங் (டயரை ரிம்மில் பிடித்து வைக்கும் இரும்பு வளையம்). டயர் பட்டன் ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், பக்கவாட்டு வெடிப்பில் நூல் தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் அந்த டயர் ஃபிளாட்பெட்டில்தான் பயணம் செய்ய வேண்டும். காற்று வெகுவாக இறங்கிய நிலையில் உருண்ட லாக் ரிங் டயருக்கு நின்ற இடத்தில் காற்று அடிக்காதீர்கள். குறிப்பிட்ட அழுத்தத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே ஓடியிருந்தால் முழுக்க இறக்கி, கழற்றி, ரிங் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, பாதுகாப்பு இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். ரிங் பறந்தால் ஆளைக் கொல்லும். மற்றபடி டாப்-அப் என்றாலும் கவ்விப் பிடிக்கும் நாசில், நீளமான ஹோஸ், நிற்பது டயருக்கு முன்பக்கமோ பின்பக்கமோ, ரிங்குக்கு நேராக அல்ல.

வீல் நட்டுக்கு ஒன்றரை அங்குல சாக்கெட். டிரைவர் பக்கம் இடது மரை, ஸ்டட் முனையில் எல் என்று பொறித்திருக்கும். வழக்கமான பக்கம் திருப்பி நான்கடி பைப் போட்டு ஏறி மிதித்தால் ஸ்டட் முறியும், நட்டு கழலாது.

கிளம்பிப் பத்து மைலில் நிறுத்தி இரண்டு ஹப்பையும் தொடுங்கள். பிரேக்கே வேலை செய்யாத சக்கரம் வெதுவெதுப்புக்கு மேல் போக வாய்ப்பில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் அல்லது உரசும் லைனிங். ஒரு பக்கம் மட்டும் சூடென்றால் அந்தப் பக்க டிரம்மையும், இரண்டு பக்கமும் என்றால் டேங்கையும் கை பிரேக்கையும் பாருங்கள். பிறகு கான்சாலஸில் ஒரு முறை, ஹாலட்ஸ்வில்லில் ஒரு முறை.

---

மூணாவதுகியர் எழுதியது:

காகிதம் பற்றி ஒரு வரி. ராணுவ உபரி வண்டிக்கு டைட்டில் (உரிமைச் சான்று) கிடையாது, அரசு தரும் எஸ்எஃப்-97 படிவம்தான் பிறப்புச் சான்று. சில ஏலங்களில் வெறும் பில் மட்டும் கொடுப்பார்கள், பதிவு செய்யப் போகும்போது கவுன்டி அலுவலகத்தில் திண்டாட வேண்டியிருக்கும். படிவம் வந்து சேர நாளாகும், அதனால் எடுத்து வரும் நாளுக்கு ஒரு ட்ரிப் பர்மிட் (ஒரு பயணத்துக்கான தற்காலிக அனுமதி) முன்கூட்டியே வாங்குங்கள். சீரியல் நம்பர் தகட்டைப் படம் எடுத்து, படிவத்தில் உள்ள எண்ணோடு யார்டிலேயே ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அங்கே நின்று திருத்தி வாங்குங்கள், கேட்டுக்கு வெளியே வந்தபின் திருத்துவது பெரும்பாடு.